எலும்பு சூப்: குக்கரா, திறந்த பாத்திரமா?

ஆட்டு எலும்பு சூப்புக்கு எங்கள் வீட்டில் இப்போது குக்கர்தான். அகலப் பாத்திரத்தில் அரைநாள் காய்ச்சும் முறையைப் பல வருடம் வைத்திருந்துவிட்டுத்தான் மாறினோம். நேரமும் கேஸும் மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் மாறியது ருசிக்காக. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "குக்கர் சூப்பா? வாயெல்லாம் கொழுப்பு ஒட்டுமே" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பழி குக்கர் மேல் விழக்கூடாது, விசில் மேல் விழ வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆட்டுக்கால் திறந்த பாத்திரத்தில் ஐந்தாறு மணி நேரம் கேட்கும். குக்கரில் பிரஷர் ஏறிய பிறகு ஒரு மணி நேரம் போதும். கூட்டத்துக்கு வைப்பதானால் பாத்திரம்தான், ஏனென்றால் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஊட்டி மாதிரி உயரத்தில் இருப்பவர்களுக்குத் தேர்வே இல்லை. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்து வைத்தால் கால் வேக நாள் போய்விடும்.

எதில் வைத்தாலும் எலும்பு சரியாக இருக்க வேண்டும். வெறும் கால் மட்டும் போட்டால் உதட்டில் ஒட்டுகிற பதம் வரும், சுவை வராது. காலில் இருப்பதெல்லாம் தோலும் நரம்பும். அவற்றில் இருக்கும் கொலாஜன் என்கிற புரதம் வெந்து, ஜெல்லி மாதிரி உறைகிற ஜெலட்டினாகித்தான் சூப்புக்குக் கனம் கொடுக்கிறது. ருசி கொடுப்பது கறி. அதனால் ஒரு செட் காலுக்கு அரைக் கிலோ நெஞ்செலும்பு, கறி ஒட்டியதாகப் பார்த்துச் சேர்ப்பேன். கடையிலேயே "அண்ணே, முடி இல்லாம நல்லா வாட்டிக் குடுங்க" என்று சொல்லி வாங்கினாலும், வீட்டில் மஞ்சள் தேய்த்துக் கத்தியால் கருகலைச் சுரண்டியே ஆக வேண்டும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு எலும்பைக் கழுவ வேண்டும். சத்து போய்விடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. போவது ரத்தமும் அழுக்கும்தான். கொலாஜன் இளகப் பத்து நிமிடம் எந்த மூலைக்கு?

சரி, விசில். நம் குக்கர் வெயிட், உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கூடும்போது தூக்கிக்கொள்கிற மாதிரி செய்யப்பட்டது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். தீயை அளவாக வைத்து, வெயிட் தூக்காமல் பார்த்துக்கொண்டால் உள்ளே ஒரு விசித்திரம் நடக்கிறது: திறந்த பாத்திரத்தை விட இருபது டிகிரி அதிகச் சூட்டில் இருந்தும் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதில்லை. ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. எலும்பு வேகிறது, கொலாஜன் இளகுகிறது, கொழுப்பு உருகி அமைதியாக மேலே போய் மிதக்கிறது.

விசில் அடித்ததும் கதை மாறிவிடும். அழுத்தம் சடாரென்று இறங்கும். அந்தச் சூட்டில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் கொந்தளித்துக் கொதிக்கும். மேலே மிதந்த கொழுப்பை அந்தக் கொந்தளிப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து ஜெலட்டினோடு கலக்கிவிடும். கலந்த துளிகள் லேசில் பிரிந்து மேலே வராது. "பத்து விசில் விடுங்கள்" என்கிற சமையல் குறிப்பைப் பின்பற்றினால் இந்தக் கடைசல் பத்து முறை நடக்கிறது. சூப் சாம்பல் வெள்ளையாகக் கலங்குவதும், குடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு படிந்த மாதிரி இருப்பதும் இதனால்தான். ஆட்டின் கவுச்சி வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் தங்கியிருக்கிறது என்பதால் அதையும் சேர்த்தே குடிக்கிறோம். போதாததற்கு, ஒவ்வொரு விசிலும் இஞ்சி பூண்டு வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமையலறைக்குத் தாரை வார்க்கிறது.

வெள்ளையாக இருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ஜப்பானில் தொன்கொத்சு ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்புக்குப் பன்றி எலும்பை வேண்டுமென்றே பல மணி நேரம் கடுங்கொதியில் வைத்துப் பால் மாதிரி ஆக்குகிறார்கள். அது அவர்களுக்கு வேண்டிய ருசி. மிளகு வாசனை தூக்கலாகத் தெரிய வேண்டிய நம் சூப்புக்குத் தெளிவுதான் பொருந்துகிறது.

ஆகவே நான் செய்வது இது. இஞ்சி, பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், கொஞ்சம் தனியா, மஞ்சள் எல்லாவற்றையும் எலும்போடு போட்டு, எலும்புக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர். பெரிய தீயில் வைத்து, வெயிட் ஆடத் தொடங்கி முதல் விசிலுக்குத் தயாராகும்போதே சின்ன பர்னருக்கு மாற்றிச் சிம்மில் வைத்துவிடுவேன். 'உஸ்' என்று மெல்ல மூச்சு விட்டால் போதும். சிம்மிலும் விசில் அடிக்கிறதென்றால் அடியில் ஒரு இரும்பு தோசைக்கல்லை வைத்து அதன் மேல் குக்கரை வைக்கலாம், சூடு பரவித் தணிந்து வரும். ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்தால் முக்கால் மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் அது எல்லா விசிலையும் விடப் பெரிய விசில். அதுவரை பட்ட பாடு வீண்.

வடிகட்டி ஆறவைத்து இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்து நிற்கும். அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். கீழே சூப் ஜெல்லியாகத் தளும்ப வேண்டும், தண்ணீராக இருந்தால் தண்ணீர் அதிகம் வைத்துவிட்டோம் அல்லது கால் போதவில்லை என்று பொருள். மிளகு சீரகத்தை இடித்துச் சூடாக்கும்போதுதான் சேர்க்கிறேன். ஒரு மணி நேரம் குக்கரில் கிடந்த மிளகில் காரம் இருக்கும், மணம் இருக்காது. உப்பும் கடைசியில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. பிரஷர் குக்கரின் மூதாதை பிறந்ததே எலும்புக்காகத்தான். பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பன் 1679-ல் லண்டனில் செய்து காட்டிய பாத்திரம், கெட்டி எலும்பையும் மெதுவாக்குவதற்கென்றே உருவானது. வெடிக்காமல் இருக்க அவர் வைத்த பாதுகாப்பு வால்வின் வம்சம்தான் நம் வெயிட். ஆபத்துக்கு வைத்ததை நாம் நேரம் எண்ணும் கடிகாரமாக்கிவிட்டோம்.

திறந்த பாத்திரத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். நுரையைக் கடைசி வரை எடுத்துக்கொண்டே இருக்கலாம், நடுவில் ருசி பார்க்கலாம், சுண்டவிட்டு வேண்டிய கனத்துக்குக் கொண்டுவரலாம். ஊரில் எங்கள் அத்தை மண்சட்டியில் வைக்கும் கால் சூப் என் குக்கர் சூப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் அவர் வைப்பது விறகு எரிந்து முடிந்த தணலில். தணல் தாழ்ந்த, சீரான சூடு, எப்போதாவது ஒரு குமிழி வந்து உடையும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பில் சிம்மில் வைத்தாலும் சின்னப் பாத்திரம் கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஐந்து மணி நேரம் அப்படிக் கொதித்தால் விசில் செய்கிற அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது, மெதுவாக. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். வீடே மணக்கிறது என்று சந்தோஷப்படுவோம். மணந்தது அத்தனையும் சூப்பிலிருந்து போனதுதானே.

கோழி எலும்பு என்றால் என் பேச்சு இவ்வளவு உறுதியாக இருக்காது. கோழிக்கால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே திறந்த பாத்திரத்தில் நன்றாக இளகிவிடும், அதன் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பு மாதிரி வாயில் உறைவதில்லை. குக்கருக்கும் பாத்திரத்துக்கும் அதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை, இருக்கும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். மின்சாரக் குக்கரைப் பற்றித் தம்பி வீட்டில் குடித்த அனுபவம் மட்டுமே. சூப் தெளிவாக, நன்றாக இருந்தது. ஆவியை வெளியே விடாமல் அதுவே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதால் அது ஆச்சரியமில்லை. அழுத்தம் அடுப்புக் குக்கரை விடச் சற்றுக் குறைவு, நேரம் கொஞ்சம் கூடும். நான் வாங்கவில்லை, வருடக்கணக்கில் உழைக்குமா என்று சொல்லும் நிலையில் இல்லை.

கால்சியத்துக்காகக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எலும்பில் இருக்கும் கால்சியம் தண்ணீரில் லேசில் கரையாது, வினிகர் ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் இறங்குவதில்லை. அதற்குக் கேழ்வரகு இருக்கிறது. சூப்பை ருசிக்குக் குடிப்போம்.

குக்கரின் உண்மையான தொல்லை பராமரிப்பில். மூடும் முன் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எலும்புத் துணுக்கும் கொழுப்பும் போய் அடைக்கிற இடம் அது. அப்புறம் கேஸ்கட். ரப்பர் மட்டன் வாடையைப் பிடித்துக்கொண்டால் எலுமிச்சைத் தோல், வெந்நீர், வெயில் எதற்கும் முழுதாக விடுவதில்லை, மறுநாள் பருப்பில் அது எட்டிப் பார்க்கும். வீட்டில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால் சண்டைதான். மூடிக்குப் பொருந்துகிற இன்னொரு கேஸ்கட் வாங்கி, சூப்புக்கென்று தனியாக ஆணியில் மாட்டி வைத்துவிடுங்கள்.