சில்வர் பீச் சங்குக் கடை: ஒரே சீட்டின் கீழ் இரண்டு இனங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு சங்குக் கடையில் சென்ற மாதம், ஓட்டின் ஓரத்தில் விரல்போல் கொம்புகள் நீளும் ஐவிரல் சங்கு ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். பொருளில் குறையேதும் இல்லை. ஆசிட்டில் ஊறிய சங்குகளுக்கே உரிய வெளிறல் இதில் இல்லை. வாய்ப்புறம் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்து பளபளக்கிறது. விரல் எதுவும் ஒடிந்து பசையால் ஒட்டப்படவில்லை. (பெயர்தான் ஐவிரல், எண்ணினால் ஐந்தைத் தாண்டும்.) விரல் நீண்டு வளைந்திருந்தால் பெண், குட்டையாக இருந்தால் ஆண் என்று கடைக்கார அம்மா சொன்னதும் சரியே.

குறை கடை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதே பெயர்ச்சீட்டின் கீழ், ஏறக்குறைய ஓர் அடி நீளத்தில் இன்னொரு சங்கு நின்றது. "எல்லாம் ஒரே ஜாதிதாங்க, இது கொஞ்சம் முத்தினது" என்றார் அவர். அப்படி இருக்க வழியில்லை. இவ்வகைச் சங்குகளில் இளமையில் விரலே இருக்காது. பருவமடையும்போது விரல் முளைத்தபின் உதடு (ஓட்டின் வாய் விளிம்பு) தடிக்குமே தவிர ஓட்டின் நீளம் கூடாது. கையில் எடுத்து உச்சியைப் பார்த்தேன். நான் வாங்கிய லாம்பிஸ் லாம்பிஸில் (ஐவிரல் சங்கின் அறிவியல் பெயர்) அது கூராக முடிகிறது. இதிலோ கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. இது லாம்பிஸ் ட்ரங்கேட்டா என்ற தனி இனம்.

இந்த வேறுபாடு அழகைப் பற்றியது மட்டுமன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்படும் உயிரினங்களுக்கான அட்டவணைகளில் 2001இல் சில சங்கினங்கள் சேர்க்கப்பட்டபோது, ட்ரங்கேட்டா நான்காம் அட்டவணையில் இடம்பெற்றது. லாம்பிஸ் லாம்பிஸ் அதில் சேர்க்கப்படவில்லை. அதற்காக இதை அள்ளிக் குவிக்கலாம் என்று ஆகிவிடாது. அதே கடையில் விரல் முளைக்காத குஞ்சுச் சங்குகள் மாலை கோப்பதற்கென்று பை பையாகத் தொங்குகின்றன; முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்கு முன்பே பிடிபட்டவை அவை. சட்டம் இதைத் தடுக்கவில்லை என்றாலும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

நான் விளக்கியதும் அந்த அம்மா மறுபேச்சில்லாமல் பெரிய சங்கை உள்ளே எடுத்து வைத்தார். மறுவாரம் உறவினருக்காக இன்னொன்று வாங்கப் போனபோது அது பழைய தட்டிலேயே, தூசி துடைக்கப்பட்டு நின்றது. அங்கு வாங்க நினைப்பவர்கள் உச்சியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, கூராக இருந்தால் மட்டும் விலை பேசலாம்.