விண்டோஸ் 10ஆ, 11ஆ? வந்த புதிதில் எப்படி இருந்தது
2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளிவந்தபோது முதலில் கண்ணில் பட்டது, இடது மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்ட ஸ்டார்ட் பட்டன். அது பெரிய விஷயமில்லை, செட்டிங்ஸில் போய் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம். உண்மையான எரிச்சல் டாஸ்க்பார்தான். 10இல் அதைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைக்கலாம், ஒரு ஃபைலை இழுத்து அதிலுள்ள ஐகான் மேல் பிடித்தால் அந்த விண்டோ தானாக முன்னால் வரும். 11இன் முதல் பதிப்பில் இரண்டும் கிடையாது (இழுத்துப் போடும் வசதி மட்டும் 2022இல் திரும்பி வந்தது). ரைட் கிளிக் மெனு பார்க்க அழகு, ஆனால் பழைய கட்டளைகள் பல இன்னொரு கிளிக் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டன.

சரி, நல்லது எதுவுமே இல்லையா? மேக்ஸிமைஸ் பட்டன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் திரையைப் பிரிக்கும் கட்டங்கள் விரியும். பெரிய மானிட்டரில் பிரவுசரையும் எக்ஸலையும் அக்கம்பக்கம் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

அப்புறம், 11ஐப் போட டிபிஎம் 2.0 (கணினியின் பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும் என்ற நிபந்தனை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள் இதனால் வாசலிலேயே நின்றன. 10க்கு 2025 அக்டோபர் வரை அப்டேட் உண்டு என்று சொல்லியிருந்ததால், அப்போது அவசரப்பட்டு மாற எந்தத் தேவையும் இருக்கவில்லை.