அலகு மாற்றும் செயலி: நீளம், எடை சரி, கேலன்தான் இடிக்கிறது

இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, இணையம் இல்லாமலும் ஓடுகிறது. நீளம், எடையில் குறையே சொல்ல முடியாது. அங்குலம், பவுண்டு அளவுகளை நிர்ணயித்த 1959 சர்வதேச ஒப்பந்தப்படி ஓர் அங்குலம் துல்லியமாக 25.4 மில்லிமீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோ, இரண்டையும் பிசகாமல் காட்டுகிறது. ஆனால் வெறும் 'கேலன்' என்று போட்டுவிட்டு 3.785 லிட்டர் என்கிறதே, அது அமெரிக்கக் கேலன், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், இதை நம்பி வண்டி மைலேஜ் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 20 சதவீதம் உதைக்கும். அப்புறம் வெப்பநிலை. 10 டிகிரி செல்சியஸ் 'உயர்வு' என்றால் 18 டிகிரி பாரன்ஹீட்தான், இதுவோ 32-ஐயும் கூட்டி 50 என்கிறது. வித்தியாசத்துக்கென்று தனி வசதி கிடையாது. தசம இடங்களை நாமே குறைத்துக்கொள்ளலாம், அது பிடித்திருக்கிறது. இப்போதைக்கு மூன்று நட்சத்திரம், கேலனைப் பிரித்துக் காட்டினால் இன்னொன்று தரலாம்.