பிச்சாவரமா, முத்துப்பேட்டையா: படகில் ஏறும் முன்

சிதம்பரம் பக்கம் போனால் பிச்சாவரம், திருவாரூர் மாவட்டத்தின் தெற்கு முனைக்குப் போனால் முத்துப்பேட்டை. இரண்டும் அலையாத்திக் காடுதான். ஆனால் படகில் உட்கார்ந்ததும் பயப்பட வேண்டிய விஷயம் இடத்துக்கு இடம் வேறு.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு குறுகிய கால்வாய்களில் நுழையும். அலை கிடையாது, பல இடங்களில் ஆழமும் குறைவு. அதை நம்பி லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் சும்மா மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அடியில் இருப்பது சேறு. இறங்கினால் கால் புதையும், தரை தட்டினாலும் நிற்க முடியாது. கொக்கியைப் பூட்டி, பட்டையை இழுத்து இறுக்குங்கள். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் அது மேலே கழன்று வந்துவிடும், சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். சுரபுன்னை வேர்களுக்கிடையே போகும்போது செல்ஃபிக்காக எழுந்து நிற்பது, கையை வெளியே நீட்டுவது இரண்டும் வேண்டாம்.

முத்துப்பேட்டையில் நிலைமை வேறு. ஆற்று வழியாகப் போய் கடலை ஒட்டிய திறந்த நீர்ப்பரப்பான காயலுக்கு வந்ததும் காற்று நேராக அடிக்கும். கரை தூரம், கூப்பிட்டால் ஓடிவர பக்கத்தில் வேறு படகு இருக்காது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவே கூடாது. காலையிலேயே போய்த் திரும்புவது நல்லது.

குழந்தை, முதியவரோடு போனால் என் ஓட்டு பிச்சாவரத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் இரண்டுமே வேண்டாம், அன்றைக்கு நடராஜரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.