சார்க்கா, பிம்ஸ்டெக்கா?

தருமபுரி நூலகத்தில் குரூப்-1க்குப் படிக்கும் தம்பி கேட்டான்: "அண்ணே, எல்லைப் பாதுகாப்பு, சட்டத்தின் ஆட்சின்னா சார்க்கா, பிம்ஸ்டெக்கா, எதுண்ணே உதவும்?"

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985-இல் டாக்காவில் பிறந்தது. இன்று எட்டு நாடுகள். இருதரப்புச் சச்சரவைப் பேசக்கூடாது என்று சாசனமே வாயைக் கட்டிவிட்டது. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே இல்லை.

வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் 1997-இல் தொடங்கியது. ஏழு நாடுகள், பாகிஸ்தான் இல்லை. பாதுகாப்புத் துறைக்கு இந்தியாவே தலைமை. பயங்கரவாதம், போதைக் கடத்தலுக்கு எதிரான உடன்படிக்கை 2009-இல் கையெழுத்தாகி 2021-இல்தான் நடைமுறைக்கு வந்தது. (தொப்பூர் கணவாயில் ஏறும் லோடு லாரிகூட இதைவிட வேகம்.) குற்ற வழக்குகளில் ஒருவருக்கொருவர் சட்ட உதவி செய்யும் உடன்படிக்கை 2022 கொழும்பு மாநாட்டில் கையெழுத்தானது. சார்க்கைவிட இங்கே வேலை நடக்கிறது.

பாதுகாப்புக்கு என் ஓட்டு பிம்ஸ்டெக்குக்கே. சட்டத்தின் ஆட்சி என்றால்தான் கை தயங்குகிறது: 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பறித்த மியான்மரும் அங்கே உறுப்பினர்.