இந்தியா மேப் பசில்: எல்லாம் இருக்கிறது, காரைக்கால் இல்லை

விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று சித்தி மகள் கேட்டிருக்கிறாள். அவளும் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க ஆரம்பித்திருக்கிறாள். மாநிலங்களைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்துகிற அந்த மரப் பசில்தான். பேரளத்தில் எங்கள் வீட்டில் வருடக்கணக்காகப் புழங்குகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும். எல்லை மாநிலங்களை மனப்பாடம் செய்யவைக்கிற வேலையே இதில் இல்லை. உத்தரப் பிரதேசத்தைத் தூக்கினால், அந்தப் பள்ளத்தைச் சுற்றி எட்டு மாநிலங்களும் டெல்லியும் நிற்கின்றன. விரல் வைத்து அவர்களே எண்ணிவிடுகிறார்கள். வடகிழக்கு எனக்கே இதில்தான் பிடிபட்டது. மேற்கு வங்கம் வடக்கே ஒடுங்கிப் போகிற இடத்தைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவான். அசாமுக்கு ரயிலும் சாலையும் அந்த வழியாகத்தான், ஓரிடத்தில் அகலம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றேன். உடைந்துவிடுமோ என்று துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஐப்பசி அடைமழையில் பலகை உப்பிக்கொள்ளும். ராஜஸ்தானை ஸ்பூன் விட்டு நெம்ப வேண்டும். தை வெயிலில் ஓரளவு சரியாகிவிடுகிறது. இந்த ஊர் ஈரத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது, அதை விட்டுவிடலாம்.

விட முடியாதது புதுச்சேரி. விழுப்புரத்துக்குக் கிழக்கே கடலோரம் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் பெயர், அவ்வளவுதான். அந்த யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் இல்லை. கேரளக் கரையில் மாஹே இல்லை, ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் ஏனாம் இல்லை. எங்கள் ஊரில் பஸ் ஏறினால் அம்பகரத்தூர், திருநள்ளாறு, காரைக்கால். போகிற வழியிலேயே வண்டி நம்பர் புதுச்சேரியின் பி.ஒய். ஆகிறது, பெட்ரோல் விலை குறைகிறது. என் பிள்ளைகள் நேரில் பார்த்த ஒரே மாநில எல்லை அதுதான். பலகையில் அந்த இடம் முழுக்கத் தமிழ்நாட்டுப் பச்சை!

மகள் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை நீல உல்லன் நூலைப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரச்சினை வெடித்தது. 2018 உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "ஆறு புதுச்சேரிப் பக்கமே போகலையேம்மா, அவங்களுக்கு எதுக்குத் தண்ணி?" பலகையை நம்பினால் அவள் கேட்டது நியாயம்தான். அந்த 7 டி.எம்.சி. காரைக்கால் வயல்களுக்கு. கும்பகோணத்தை ஒட்டி வருகிற அரசலாறு காரைக்காலில்தான் கடலில் விழுகிறது.

அங்கிருந்து பேச்சு பிரெஞ்சுக்காரர்களிடம் போனது. 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்காலைப் பெற்றவர்கள் 1954 வரை ஆண்டார்கள். சட்டப்படியான கைமாற்றம் 1962இல்தான் முடிந்தது. அவர்களிடமிருந்த நாலு ஊர்களையும் ஒன்றாகக் கட்டியதால்தான் ஒரு யூனியன் பிரதேசம் மூன்று மாநிலங்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. அருமையான பாடம். ஆனால் எல்லாம் என் வாயால்தான் நடந்தது, பலகையால் இல்லை.

இவ்வளவு சின்ன இடத்துக்குத் துண்டு வெட்ட முடியாது, குழந்தைகள் விழுங்கிவிடும், சரி. புள்ளி அச்சடிக்க என்ன கேடு? சண்டிகருக்குப் புள்ளி இருக்கிறது. லடாக்கைத் தனித் துண்டாக வெட்டத் தெரிந்தவர்களுக்கு 2019இல் நடந்ததெல்லாம் தெரிந்திருக்கிறது, 1954இல் நடந்தது தெரியவில்லை. தயாரிப்பாளருக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. இப்போது விலை குறைத்து விற்கிற புதுப் பதிப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே ஒற்றைப் புள்ளி.

இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஐந்துக்கு நாலு கொடுத்திருப்பேன். இன்றைக்கு இரண்டுதான். வாங்காதே என்று தங்கைக்கு எழுதிவிட்டேன். "அப்ப உங்க வீட்ல இருக்கறதக் குடுத்துருங்கக்கா" என்கிறாள். அதெல்லாம் முடியாது.