‘கேமிங் ரவுட்டர்’ என்று சொல்லி என்னிடம் 7,400 ரூபாய் வாங்கிவிட்டார். நீங்களாவது உஷாராக இருங்கள்

அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்திருப்பது இன்று காலையில்தான் தெரிந்தது. வயிறு எரிகிறது. வீட்டு வைஃபையில் கேம் ஆடினால் லேக் அடிக்கிறது என்று யாரையாவது கூப்பிடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் வைஃபை மோடம், மாடியில் என் அறை, நடுவில் கான்கிரீட் தளம். வேலோரண்ட் கேம் ஆடும்போது 40-ல் இருக்கும் பிங் (சிக்னல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம், மில்லி செகண்டில்) திடீரென்று 300-ஐத் தாண்டும். யூடியூப் மட்டும் ஒழுங்காக ஓடும். வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும், கேமுக்கு அந்த வசதி கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கடைக்காரரே வீட்டுக்கு வந்தார். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டார். “95 வருது பாருங்க தம்பி, லைன்ல ஒரு குறையும் இல்ல. மோடம்தான் டப்பா.” மாடிக்கு வரவே இல்லை. அம்மா காபி கொடுத்தார். குடித்துவிட்டு, “வந்துபோன சார்ஜ் எல்லாம் வேண்டாம்மா, நம்ம தெருப் பையன். பொருளுக்கு மட்டும் காசு கொடுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். காசு பிடுங்க வந்தவர் சார்ஜை ஏன் விடப் போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

நாலு ஆன்டெனா வைத்த கறுப்பு ரவுட்டர் ஒன்று, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று, மொத்தம் 7,400 ரூபாய். மூன்று மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் கூட வரும் தம்பி, நான் இருக்கேன்ல” என்றார். ஜிபேயில் அவருடைய சொந்த நம்பருக்கே அனுப்பினேன்.

அன்று ராத்திரியே பிங் முன்னைவிட மோசம். போன் செய்தால், “ரெண்டு நாள் ஓடட்டும், செட் ஆயிடும்.” நாலாம் நாள், “கேம் சர்வர்ல பிரச்சனை.” அப்புறம், “மழை நேரம்ல, அப்படித்தான் இருக்கும்.” நேரில் போனால் கடைப் பையன் “அண்ணன் கோயம்புத்தூர் போயிருக்காரு” என்கிறான், உள்ளே அவர் குரல் கேட்கிறது!

ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் வந்தான். லேப்டாப்பில் இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டரின் 192.168.1.1-க்கும் இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் 8.8.8.8-க்கும் பிங் ஓடவிட்டான். வீட்டுக்குள்ளேயே இருக்கிற ரவுட்டருக்கே 3, 4, 280, அப்புறம் டைம்டு அவுட், அதாவது பதிலே வரவில்லை. கீழே போய் லேன் கேபிள் சொருகிப் பார்த்தால் அசையாமல் 1. லைனிலும் கோளாறு இல்லை, பழைய மோடத்திலும் இல்லை. அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் வைஃபைதான் திணறுகிறது. ரிப்பீட்டரில் வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான். ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதம் கூடாமல் என்ன செய்யும்?

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தான். அடியில் சீரியல் நம்பர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள், பசை இன்னும் பிசுபிசுக்கிறது. லேன் ஓட்டைக்குள் கறுப்பாகத் தூசி. யாரோ ஓட்டிக் கழித்த பொருளை 7,400 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்.

கடைசியில் ரவுட்டர், ரிப்பீட்டர் இரண்டையும் கழற்றிவிட்டு, பழைய மோடத்திலிருந்தே 20 மீட்டர் ‘கேட் 6’ லேன் கேபிளை மாடிப்படி வழியாக இழுத்தோம். 600 ரூபாய்தான். பிங் 40-ஐ விட்டு நகரவில்லை.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை, அவசரத்துக்கு இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்கும் முன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மோடத்துக்கு அல்லது ரவுட்டருக்கு பிங் போட்டுப் பாருங்கள். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் நீங்கள் ஆடும் அறையில் போடச் சொல்லுங்கள். கேபிள் இழுக்க வழியே இல்லையென்றால் மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் சுரண்டிய ஸ்டிக்கரின் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கிறேன். அந்த 7,400 ரூபாயை விடப் போவதில்லை.